நாளை விலை உயராது

காலையில் காற்று பங்க்கின் பலகையில் அன்றைய விலை மாறும் நேரத்தில், வரிசையில் நிற்கும் எல்லோரும் ஒரு கணம் மூச்சை நிறுத்திக்கொள்வார்கள். பக்தியால் அல்ல. விலை தெரியாமல் இழுத்துத் தொலைத்துவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. எண் விழுந்ததும் வரிசை முழுவதிலிருந்தும் ஒரு பெருமூச்சு கிளம்பும். அந்தப் பெருமூச்சுக்கும் புது விலைதான் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் உறைக்கும்.

அன்று வரிசையில் நாலாவதாக நின்றது தவசிமுத்துவின் வேன். செந்துறைக்கும் ஏரியின் அக்கரையில் உள்ள பனிச்சுரங்கத்துக்கும் இடையே ஷேர் வேன் ஓட்டிப் பிழைப்பவர் அவர். செந்துறை என்பது சனியின் துணைக்கோளான டைட்டனில், மீத்தேன் ஏரிக்கரையில், ஒரு பெரிய கண்ணாடிக் கூரைக்கு அடியில் இருக்கும் ஊர். தூத்துக்குடிப் பக்கத்துச் சனம் மூன்று தலைமுறைக்கு முன்னால் சுரங்க வேலைக்கென்று வந்து இறங்கியது. வெயிலையும் கொசுவையும் பூமியிலேயே விட்டுவிட்டு, டீக்கடை, தொழிற்சங்கம், நாதஸ்வரம் மூன்றையும் மறக்காமல் கையோடு கொண்டுவந்தார்கள்.

பூமியிலிருந்து புதிதாக வருகிறவர்கள் ஏரியைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எரிபொருள் அலையடித்துக்கொண்டு கிடக்கும். குடத்தோடு போனால் மொண்டுகொண்டு வரலாம், ஏன் என்று கேட்க நாதியில்லை. ஆனால் எரிபொருள் எரிய உயிர்வளி வேண்டும். டைட்டனின் ஆகாயத்தில் அது மருந்துக்கும் கிடையாது. ஆகவே இங்கே வண்டியின் டேங்க்கில் நிரப்புவது உயிர்வளி. மீத்தேனை வழியில் எங்கே வேண்டுமானாலும் உறிஞ்சிக்கொள்ளலாம். வண்டி குடிப்பதும் அந்தக் காற்றைத்தான், வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் சுவாசிப்பதும் அந்தக் காற்றைத்தான். மின்கலத்தில் ஓட்டிப் பார்க்காமல் இல்லை. அந்தக் குளிரில் மின்கலம் முதல் திருப்பத்திலேயே விறைத்துப்போய்விட்டது.

உயிர்வளி வேறெங்கிருந்தோ வருவதில்லை. காலுக்குக் கீழே கிடக்கும் பனிப்பாறையை உடைத்து, உருக்கி, மின்சாரத்தால் பிரித்தால் அதுதான். பாறை ஊருடையது, உடைப்பவர்கள் ஊர்க்காரர்கள். விலையை மட்டும் பூமியில் ஏதோ ஒரு சந்தை தீர்மானிக்கிறது. அங்கே ஏறினால் அந்தச் செய்தி ஒளிவேகத்தில் வந்து இங்கே அன்றைக்கே ஏறிவிடும். இறங்கினால் மட்டும் செய்தி மாட்டுவண்டி பிடித்து வரும்.

சந்தையையாவது மன்னித்துவிடலாம். அதற்கு மேல் வரி இருக்கிறது. கலால் வரி, அதன்மேல் மேல்வரி, கூரைப் பராமரிப்பு வரி, எல்லாவற்றுக்கும் சிகரமாக வளையக் காட்சி வரி. சனியின் வளையங்களை வீட்டு வாசலில் இருந்தே பார்க்கும் பாக்கியத்துக்காக விதிக்கப்பட்டது அது. டைட்டனைப் போர்த்தியிருக்கும் ஆரஞ்சுப் புகைமூட்டத்தில் இதுவரை ஒரே ஒருவர்கூட வளையத்தைப் பார்த்ததில்லை. இதைச் சுட்டிக்காட்டிச் சங்கத்தார் மனுப் போட்டபோது, பார்க்காமல் இருப்பது பயனாளியின் சொந்த விருப்பம் என்று உயிர்வளி வாரியம் பதில் அனுப்பியது.

வரியை ஏமாற்றவும் வழியில்லை. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கிற அன்றே காறையெலும்புக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவில் மூச்சுமானி ஒன்றைப் பதித்துவிடுவார்கள். குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. முதல் நூறு யூனிட் இலவசம். ஒரு அடுக்கைத் தாண்டி ஒரே ஒரு யூனிட் கூடிவிட்டாலும் மொத்தத்துக்கும் புது விகிதம் பாயும். ஆகவே கணக்கெடுப்பு நெருங்கும் வாரத்தில் ஊரே சைகையில் பேசும். சண்டைகளைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு போடுவார்கள். புருஷன் பெண்டாட்டி ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். செந்துறையில் பிறந்தநாள்கள் எல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொத்தாக வருவதன் காரணம் இதுதான்.

அன்றைய பலகையில் விழுந்த எண்ணைப் பார்த்ததும் தவசிமுத்துவுக்கு வண்டியின் நினைவு வரவில்லை, மகளின் நினைவு வந்தது.

பொற்கொடி நாதஸ்வரம் படிப்பவள். அவள் மேடையேறத் தகுதி பெற்றுவிட்டாள் என்று குரு சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. நாதஸ்வரம் வாரியத்தின் பட்டியலில் ‘ஆடம்பர ஊதல்’ என்ற வகையில் சேர்கிறது. பலூன், புல்லாங்குழல், பிறந்தநாள் மெழுகுவர்த்தி அணைத்தல் எல்லாம் அந்த வகைதான், இரட்டை வரி. வீட்டில் அவள் ஊதாமலேதான் சாதகம் செய்வாள். சீவாளியை வாயில் வைக்காமல் துளைகளின்மேல் விரல்கள் மட்டும் ஓடும். மரத்தில் விரல் பட்டு டப் டப் என்று கேட்கும். அவளுக்கு மட்டும் ராகம் கேட்டுக்கொண்டிருக்கும் போல, தலை தானாக அசையும். பெற்றவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு நாளாவது கலைமன்ற மேடையில் முழுக் கச்சேரியாக, நிஜமாக ஊதி வாசிக்க வைக்கிறேன் என்று அவளுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இந்த விலைக்கு ஒரு வர்ணத்தைக்கூட ஊதி முடிக்க முடியாது.

டீக்கடையில் அன்று சங்கச் செயலாளர் அருளப்பன் வாரியத்தின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். அவர் குரல்வளத்துக்காகவே செயலாளர் ஆனவர். கடையில் இருந்த மற்றவர்களும் பங்குக்குத் திட்டினார்கள். பூமியில் பெட்ரோல் விலை ஏறியபோது தன் பாட்டனார் எப்படி நடுரோட்டில் வண்டியைப் போட்டுப் படுத்தார் என்று ஒருவர் கதை சொன்னார். மறுநாளே வாரிய அலுவலகத்தின் முன்னால் ஊர் திரண்டது. தவசிமுத்து வேனின் கூரையில் ஏறி நின்று, நெஞ்சு நரம்பு புடைக்கக் கோஷம் போட்டார். வளையம் எங்கே என்று அவர் கேட்க, வரி இங்கே என்று கூட்டம் திருப்பிச் சொன்னது. வாரியத்து அதிகாரிகள் ஜன்னலில் நின்று தேநீர் குடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். போராட்டம் மாபெரும் வெற்றி என்று அருளப்பன் அறிவித்தார்.

அடுத்த நாள் வாரியமும் அதையே அறிவித்தது. முந்தின நாள் விற்பனை செந்துறை வரலாற்றிலேயே அதிகம் என்று பலகையில் பெருமையாக ஓடவிட்டிருந்தார்கள். கோஷம் போட்டவர்களுக்கு நன்றி என்று மட்டும்தான் எழுதவில்லை.

வீட்டில் தவசிமுத்து தன் மூச்சுமானியின் எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி செண்பகம் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அடுக்குத் தாண்டிவிடும். பொற்கொடிதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கோவம் வந்தா மூச்சு வாங்குது, மூச்சு வாங்கினா அவங்களுக்குத் துட்டு. அப்போ நீங்க கோவப்படணும்னுதானப்பா அவங்க விலையையே ஏத்துதாங்க?”

தவசிமுத்து நிமிர்ந்து பார்த்தார். மகள் சொன்னது வரிசையாகப் புத்தியில் இறங்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. இறங்கியதும் சங்கத்துக்கு ஓடவில்லை, நடந்துதான் போனார். ஓடினால் அதற்கும் வரி.

அப்படித்தான் மூச்சடக்கப் போராட்டம் தொடங்கியது. கோஷம் கிடையாது, ஊர்வலம் கிடையாது. ஊர் முழுக்க மைதானத்தில் பாயை விரித்து மல்லாந்து படுத்தது. மெல்ல இழுத்து மெல்ல விட்டார்கள். வேன்கள் நின்ற இடத்தில் நின்றன. சண்டைக்காரர்கள் சமாதானமானார்கள், காதலர்கள் தள்ளிப் படுத்தார்கள். அருளப்பனுக்குத்தான் பெரும் பாடு. பேசாமல் இருந்ததில் அவருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. ஆனாலும் படுத்தபடியே கைமுஷ்டியை மட்டும் அவ்வப்போது உயர்த்திக் காட்டினார்.

விற்பனை பாதியாகச் சரிந்தது, பிறகு கால்வாசியானது. வாரியத்தில் முதலில் சிரித்தார்கள். சம்பள நாள் தள்ளிப்போனதும் சிரிப்பு நின்றது. கூட்டத்தைக் கோபப்படுத்த உயிர்வளித் துறை அமைச்சரே வந்து, செந்துறை மக்கள் சோம்பேறிகள் என்று மைதானத்தின் நடுவில் ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தார். ஒருவரும் புரண்டுகூடப் படுக்கவில்லை. அடுத்து, கடைசி ஓவர் வரை போகும் கிரிக்கெட் ஆட்டத்தைப் பெரிய திரையில் இலவசமாகக் காட்டினார்கள். சிலருக்கு நாடி துடித்தது, அவ்வளவுதான். கடைசி அஸ்திரமாக நகைச்சுவைக் குழு ஒன்றை வரவழைத்தார்கள். அதுதான் உண்மையான சோதனை. ஊரே உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஆளாளுக்குத் தொடையைக் கிள்ளிக்கொண்டு கிடந்தது. தவசிமுத்து அப்போது மகளின் விரல்களை நினைத்துக்கொண்டார். சிரிப்பு வரவில்லை.

கடைசியில் அமைச்சர் இறங்கி வந்தார். வளையக் காட்சி வரி நிறுத்தி வைக்கப்பட்டது, மேல்வரி நீக்கப்பட்டது, ஆடம்பர ஊதல் என்ற வகையே பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டது. பலகையில் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. மூத்தவர்கள் சிலர் தங்கள் காலத்திலேயே இப்படி ஒரு எண்ணைப் பார்த்ததில்லை என்று சொன்னார்கள். ஊர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தது. வெற்றியைக்கூடச் சத்தமில்லாமல் கொண்டாடினார்கள். தவசிமுத்துவுக்கு மாலை போட்டு, கைதட்டாமல் தலையை மட்டும் அசைத்தார்கள். அந்த ஒரு வாரம் செந்துறை மக்களுக்கு நிஜமாகவே புத்தி வந்திருந்தது.

தவசிமுத்து முதல் வேலையாகக் கலைமன்றத்தைப் பிடித்தார். பொற்கொடியின் அரங்கேற்றத்துக்கு ஊரில் ஒருவரையும் விடாமல் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நம்ம வீட்டுப் பிள்ளை, நம்ம ஜெயிச்ச காத்து, வராமல் இருப்போமா என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னபடி வரவும் செய்தார்கள். மாலையில் மன்றம் நிரம்பி, உட்கார இடமில்லாமல் ஜனம் சுவரோரம் நின்றது. முன்வரிசையில் தவசிமுத்து, பக்கத்தில் பட்டுப்புடவையில் செண்பகம், அடுத்து அருளப்பன். மேடையில் பொற்கொடி சீவாளியைப் பொருத்தி, இடுப்பை நிமிர்த்தி உட்கார்ந்தாள். தவில்காரர் விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டார். தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று தவசிமுத்து நினைத்தார்.

அந்த நேரத்தில்தான் ஒலிபெருக்கி கரகரத்தது. வாரியத்தின் ஒலிபெருக்கி ஊரில் எல்லாக் கட்டடத்திலும் உண்டு.

“பொதுமக்களின் கனிவான கவனத்துக்கு. உயிர்வளியின் விலை நாளை உயராது. கையிருப்பு போதுமான அளவு உள்ளது. வதந்திகளை நம்ப வேண்டாம். பீதியடைய வேண்டாம்.”

அதுவரை ஊரில் வதந்தி என்று ஒன்று இல்லவே இல்லை. தோற்றுப்போன அமைச்சர், மக்களிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு இந்த அறிவிப்பைக் கொடுத்திருந்தார். விலையை உயர்த்தும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. அரசியலுக்கு வந்த பிறகு அவர் சொன்ன முதல் உண்மை அது.

மன்றத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருளப்பன் மெல்ல எழுந்தார்.

“ஏறாதுன்னு அவனே வந்து சொல்லுதானா? அப்போ கட்டாயம் ஏறப்போவுது, அண்ணாச்சி. காலையில பாருங்க, ரெண்டு மடங்கு.”

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அரசாங்கம் மறுத்தால் அது உறுதி என்பது செந்துறைக்காரர்களின் ரத்தத்தில் ஊறியது, பூமியிலிருந்தே வந்தது. பின்வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. கொஞ்சமும் வெட்கமில்லாமல் நான்கு கதவுகளாலும் ஜனம் வெளியே பாய்ந்தது. தவில்காரர் விரல் கூடுகளைக் கழற்றாமலே, இதோ ரொப்பிட்டு ஓடியாந்துருதேன் என்று பொற்கொடியிடம் சொல்லிவிட்டு மேடையிலிருந்து குதித்தார். வீட்டில் சேமித்து வைக்கும் காற்று உருளைக்கு வேறு பங்க், அங்கே வேறு வரிசை. செண்பகம் புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாள்.

தவசிமுத்து மட்டும் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். விலை இரண்டு மடங்கானால் அடுத்த கச்சேரிக்கு எங்கே போவது என்று அவருக்குத் தோன்றியது. நியாயமான கவலைதான். அந்த நியாயம் கிடைத்ததும் கால்கள் தானாக எழுந்தன.

“ஏட்டி, நீ ஆரம்பிச்சிரு. உனக்காகத்தான் போறேன். ஆலாபனை முடியறதுக்குள்ள வந்து உக்காந்துருவேன்.”

பொற்கொடியின் வாயில் சீவாளி ஏற்கெனவே இருந்தது.

பங்க்கில் அன்று நடந்ததைப் பற்றி யாரும் பிற்பாடு பெருமையாகப் பேசிக்கொள்ளவில்லை. டைட்டனில் ஈர்ப்புவிசை குறைவு. ஆகவே வரிசையை மீற விரும்புகிறவர் பக்கவாட்டில் நுழைய வேண்டியதில்லை, முன்னால் நிற்பவரின் தலைக்கு மேலே தாவிவிடலாம். எல்லோரும் தாவினார்கள். யார் முதலில் வந்தது என்ற வழக்கு இருபது இடத்தில் நடந்தது. மூச்சடக்கப் போராட்டத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். வரிசை எந்த நேரமும் நகரலாம் என்று ஒருவரும் என்ஜினை அணைக்கவில்லை. அத்தனை வண்டிகளும் நின்ற இடத்திலேயே காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. தவசிமுத்துவின் வேனில் டேங்க் பாதிக்கு மேல் நிரம்பித்தான் இருந்தது. குழாயை நெருங்குவதற்குள் அது காலியாகி, கடைசிக் கொஞ்ச தூரம் இறங்கித் தள்ளினார். தள்ளும்போது குறுக்கே வந்த ஒருவரைத் தாயைப் பழித்துத் திட்டினார். திட்டு வாங்கியவர் தவில்காரர்.

ஆனாலும் நிரப்பிவிட்டார். முள் முழுசாக ஏறி நின்றதைப் பார்த்தபோது உலகையே ஜெயித்த திருப்தி அவருக்கு ஏற்பட்டது. போராட்டத்தில் ஜெயித்தபோதுகூட அவ்வளவு திருப்தி இருக்கவில்லை.

அதே நேரத்தில் அமைச்சர் தன் அறையில் விற்பனைக் கோடு செங்குத்தாக மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சடக்கப் போராட்டத்தில் போன வருமானம் முழுவதும் ஒரே மாலையில் திரும்பி வந்துகொண்டிருந்தது. குறைந்த விலையிலேயே, குறைந்த வரியிலேயே. விலையை ஏற்றினால்தான் மக்கள் மூச்சு வாங்குவார்கள் என்று இத்தனை காலம் வீணாகக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறோமே என்று அவர் மனம் நொந்துபோனார். ஏற்ற மாட்டோம் என்று சொன்னாலே போதுமாயிருக்கிறது.

தவசிமுத்து மன்றத்துக்குத் திரும்பியபோது வாசல் விளக்கு மட்டும் எரிந்தது. பொற்கொடி படியில் உட்கார்ந்து நாதஸ்வரத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் வியர்த்திருந்தது. பக்கத்தில் வாரியச் சீருடையில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவர் வைகுண்டம், மூச்சுமானி கணக்கெடுப்பவர். மேடை நிகழ்ச்சிகளில் எவ்வளவு உயிர்வளி செலவாகிறது என்று அளக்க வாரியம் அனுப்பிவைக்கும் ஆள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தவசிமுத்துவுக்கு ஒரு கும்பிடு போட்டார். இப்படி ஒரு தோடியைத் தன் சர்வீஸில் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தவசிமுத்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னும் அவருக்கு இளைத்துக்கொண்டிருந்தது.

“யாருமே இல்லாமலா வாசிச்ச?”

“இருந்தாங்களே. அந்த மாமா கடைசி வரைக்கும் இருந்தாங்க. எழுந்து போக அவங்களுக்கு அனுமதி இல்லையாம்.” அவள் உறையின் கயிற்றை இழுத்துக் கட்டினாள். “அவங்க கருவியில உங்க மானியையும் கணக்குப் பார்த்துச் சொன்னாங்கப்பா. ரெண்டரை மணி நேரம் நான் ஊதினதைவிட, நீங்க வரிசையில நின்னு மூச்சு வாங்கினது ஜாஸ்தியாம்.”

தவசிமுத்து காறையெலும்புக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். எண் அங்கே மினுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கச்சேரியே நடத்தியிருக்கலாம். அவருக்கு அழுகை வந்தது. தன் மகளின் ஒரே மாலையைத் தானே வரிசையில் நின்று ஊதித் தள்ளிவிட்டோம் என்று அவருக்குத் தெள்ளத் தெளிவாகப் புரிந்தது. இனிமேல் என் உயிர் போனாலும் அந்தப் பங்க் பக்கம் திரும்ப மாட்டேன் தாயீ என்று மகளின் தலைமேல் கைவைத்துச் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். பொற்கொடியும் நம்பினாள். அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

மன்றத்தின் உள்ளே ஒலிபெருக்கி கரகரத்தது.

“பொதுமக்களின் கனிவான கவனத்துக்கு. உயிர்வளியின் விலை நாளை மறுநாளும் உயராது.”

தெருக்கோடியில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. தவசிமுத்து எழுந்து, மகளின் கையிலிருந்த நாதஸ்வரத்தைப் பத்திரமாக வாங்கி வேனின் பின்சீட்டில் வைத்தார். அவளை ஏற்றிக் கதவைச் சாத்தினார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, நிறைந்து நிற்கும் முள்ளை ஒருமுறை பார்த்தார்.

“வீட்டுக்குத்தான் போறோம்,” என்றார். “போற வழிதானே, பங்க் பக்கமா ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவோம்.”